ஈரம் தேடும் உயிர்

ஐப்பசித் திங்களின் நள்ளிரவு. மாலையில் தொடங்கிய மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. மதுரை மாநகரின் மாசி வீதியை அடுத்த சந்தொன்றில் நிற்கும் பழைய வீட்டில், முற்றத்துத் தூம்பின் வழியே எஞ்சிய மழைநீர் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் முகப்பதற்காக அங்கணத்தில் அடியெடுத்து வைத்த முதியவள் திடுக்கிட்டுக் காலை இழுத்துக்கொள்கிறாள். விளக்கை ஏற்றிப் பார்க்குங்கால், விரல் நீளத்தில், கரிய நிறத்தில், ஏதோ ஒன்று ஈரத்தரையில் ஒட்டிக் கிடக்கிறது. அது வந்த வழியெல்லாம் வெள்ளிக் கம்பி இழுத்தாற்போல ஒரு கோடு மின்னுகிறது.

"அட்டையா அப்பத்தா அது? உப்புக் கொண்டுவரட்டுமா?" என்று வினவியவாறே பேத்தி அடுக்களைக்கு ஓடுகிறாள். ஒரு பிடி உப்பு அதன்மேல் விழுகிறது. அது சுருளுகிறது, நுரை கக்குகிறது, சிறிது நேரத்தில் அடங்கிவிடுகிறது. வீட்டார் மீண்டும் உறங்கச் செல்கின்றனர். மறுநாள் இரவு, அதே அங்கணத்தில், ஏறத்தாழ அதே இடத்தில், மற்றொன்று கிடக்கிறது.

மழைக்காலத்தில் மதுரையிலும் அதனைச் சூழ்ந்த சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர் முதலிய ஊர்களிலும் இல்லந்தோறும் நிகழக்கூடிய காட்சி இது. ஒன்றைக் கொன்றால் மற்றொன்று வருவது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், உப்புச் சாடியை ஒருபுறம் வைத்துவிட்டு, வந்த உயிர் இன்னதென்று முதலில் அறிதல் வேண்டும்.

அஃது அட்டையன்று. அட்டைக்கு உடலின் இரு முனைகளிலும் உறிஞ்சிகள் உண்டு. அது குருதி குடிப்பது. அங்கணத்திற் கிடந்த உயிரோ நத்தையின் இனம். நத்தைக்குரிய ஓடு இதற்கு இல்லை. ஆதலின் ஓடில்லா நத்தை என்பர். தூத்துக்குடிக் கடலிற் கிடைக்கும் சங்கும், முத்துச் சிப்பியும், மீன் அங்காடியில் விற்கும் கணவாயும் இதற்கு உறவினவே. இவை யாவும் மெல்லுடலிகள் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. சங்கைக் கையில் ஏந்தி ஊதுவோர், அதன் உறவினைக் கண்டு அலறியோடுவது வேடிக்கையே.

தமிழ்நாட்டு வீடுகளிலும் தோட்டங்களிலும் காணப்படும் ஓடில்லா நத்தைகளுள் ஒன்று கரிய நிறமுடையது. முதுகின் நடுவே வெளிறிய கோடு ஒன்று ஓடும். அது வளர்ந்த நிலையில் 7 அல்லது 8 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அறிவியலார் இதற்கு லேவிகாலிஸ் ஆல்ட்டி என்று பெயர் வழங்குவர். பிரெஞ்சு நாட்டு அறிஞர் பெருசாக் என்பவர் 1822-இல் இதனை முதன்முதலாக விளக்கி எழுதினார். இதன் தாயகம் ஆப்பிரிக்கா எனக் கருதப்படுகிறது. வாணிகக் கப்பல்களில் ஏற்றிய செடிகளோடும் மண்ணோடும் மனிதன் அறியாமலே கொண்டுசென்ற உயிர்கள் பல. இதுவும் அவ்வாறே ஆசியாவின் பல நாடுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பரவியிருக்கிறது.

பண்டைத் தமிழர் நத்தையை நந்து என்றனர். உயிர்களை அறிவின் அளவால் வகுத்த தொல்காப்பியம், நந்தினை ஈரறிவு உயிர்களுள் வைத்தது. தொடு உணர்வும் சுவை உணர்வும் உடையது என்பது அதன் கருத்து. இக்கால ஆராய்ச்சி அதனோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்துள்ளது. நத்தையின் தலையில் இரண்டு இணை உணர்கொம்புகள் உள்ளன. மேலிணையின் நுனியில் ஒளியையும் இருளையும் பிரித்தறியும் எளிய கண்கள் இருக்கின்றன. கொம்புகளால் அது மணத்தையும் அறிகிறது. இருட்டில் உணவு இருக்கும் திசையை அறிந்து செல்வது இம்மணவுணர்வின் துணையாலேயே.

ஓட்டை இழந்ததனால் இவ்வுயிர் அடைந்த நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. ஓடு கட்டுவதற்குச் சுண்ணச்சத்து மிகுதியாக வேண்டும்; இதற்கு அக்கவலை இல்லை. ஓடுடைய நத்தை நுழைய இயலாத இடுக்கிலும் இது உடலை நீட்டித் தட்டையாக்கி நுழைந்துவிடும். கதவின் கீழுள்ள இடைவெளி, சுவரும் தரையும் சேரும் விரிசல், தண்ணீர்க் குழாய் சுவரைத் துளைத்து வரும் ஓட்டை ஆகியவை இதற்கு அகன்ற வாயில்களே. தீமை யாதெனின், வெயில் வந்தால் ஒளிந்துகொள்ள இதற்கு வீடு இல்லை. ஓடுடைய நத்தை கோடையில் தன் ஓட்டினுள் ஒடுங்கி, வாயை ஏடுபோன்றதொரு படலத்தால் மூடிக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். ஓடில்லாததோ தன் மென்தோல் ஒன்றையே நம்பி வாழ்கிறது. அத்தோலின் வழியே நீர் ஓயாது ஆவியாகிக்கொண்டேயிருக்கும். உடலின் பெரும்பகுதி நீரே. நீர் போனால் உயிரும் போகும்.

நகர்ந்து செல்வதற்கும் அதற்கு நீர் வேண்டும். நத்தையின் அடிப்பகுதி முழுதும் ஒரே பாதம். அப்பாதத்தின் தசைகள் பின்னிருந்து முன்னாகவோ முன்னிருந்து பின்னாகவோ அலையலையாகச் சுருங்கி விரிய, உடல் முன்னேறுகிறது. கண்ணாடித் துண்டின்மேல் நத்தையை ஊரவிட்டு, மறுபுறமிருந்து நோக்கினால் அவ்வலைகளைக் கண்ணாரக் காணலாம். பாதத்திற்கும் தரைக்கும் இடையே அது கோழையைப் பரப்புகிறது. இக்கோழை வியப்பான பொருள். அழுத்தம் குறைந்தவிடத்துப் பசைபோல இறுகிப் பிடிக்கும். அழுத்தம் மிகுந்தவிடத்து நீர்போல இளகி வழிவிடும். ஆதலால்தான் நத்தை செங்குத்தான சுவரில் ஏறும்போது வழுக்கி வீழாமலும், ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடாமலும் செல்கிறது. அக்கோழையின் பெரும்பகுதியும் நீரே. எனவே, நத்தை எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் தன் உடல்நீரிலிருந்து விலை கொடுக்கிறது. காலையில் தரையிற் காணும் வெள்ளிக் கோடு, அது செலவிட்ட நீரின் கணக்கு.

இழந்த நீரை அது எங்ஙனம் ஈட்டுகிறது? வாயால் மட்டுமன்று. ஈரமான தரையின்மேல் பாதத்தைப் பரப்பிக்கொண்டு அசையாது கிடந்து, தோலின் வழியாகவே நீரை உடலினுள் ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் நத்தை இனங்களுக்கு உண்டு. அங்கணத்தில் முதியவளின் காலில் தட்டுப்பட்டது ஏதோ சூழ்ச்சி செய்துகொண்டிருக்கவில்லை. அது நீர் பருகிக்கொண்டிருந்தது. இவ்வொரு செய்தியை மனத்திற் கொண்டால், அது வீட்டிற்குள் வருவதன் காரணம் பெரிதும் விளங்கிவிடும்.

மதுரை வட்டாரத்தின் இயற்கையையும் இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். இப்பகுதி மழைவளம் மிக்கதன்று. ஆண்டு மழை ஏறத்தாழ 85 சென்டிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. சித்திரை, வைகாசித் திங்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொடும். இத்தகைய நிலத்தில் ஓடில்லா நத்தை வாழ்வதே அரிது என்று தோன்றும். ஆயினும் மேற்கூறிய கருநத்தை வறட்சிக்கும் ஓரளவு பழகியது. அதன் பாதம் 4 அல்லது 5 மில்லிமீட்டர் அகலமே உடையது. ஆதலின் காய்ந்த தரையிற் படும் பரப்புக் குறைவு. கோடையில் உடலைச் சுருட்டிக்கொண்டு மண்ணுக்குள்ளும் கல்லுக்கடியிலும் புதைந்து கிடக்கும். முதல் மழை விழுந்ததும் வெளிப்படும். அப்போது காண்போர், மழையோடு வானத்திலிருந்து நத்தையும் பொழிந்ததோ என்று ஐயுறுவர்.

மேலும், மதுரைச் சமவெளி இன்று வானத்தை மட்டும் நம்பிய நிலமன்று. 1895-இல் முல்லைப் பெரியாற்றணை கட்டி முடிந்தபின், மேற்கு மலையின் அப்பால் ஓடிய நீர் வைகைக்குத் திரும்பிற்று. பேரணையிலிருந்து பிரியும் கால்வாய் வழியே அந்நீர் வாடிப்பட்டி, மேலூர்ப் பகுதி வயல்களை நனைத்தது. 1959-இல் வைகை அணையும் எழுந்தது. நெல்லும் வாழையும் கரும்பும் விளையும் பரப்பில், மழை ஓய்ந்த பின்னும் ஈரம் நிற்கிறது. சோழவந்தான் வெற்றிலைக்குப் பெயர்பெற்ற ஊர்; 2023-இல் அவ்வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெற்றிலைக் கொடிக்காலினுள் வெயில் நுழையாது, காற்று அடங்கியிருக்கும், நிலம் எப்போதும் நனைந்திருக்கும். நத்தைக்கு இதனினும் இனிய மாளிகையை எவரும் கட்டித்தர இயலாது. அத்தகைய தோட்டங்களையடுத்த வீடுகளுக்கு நத்தை வருவதில் வியப்பில்லை.

ஆனால் தோட்டமே இல்லாத நகரத்து வீட்டிற்கு அது வருவதேன்? அங்கும் ஈரம் இருக்கிறது, அவ்வளவே. பழைய வீடுகளின் நடுவே திறந்த முற்றம் இருந்தது. மழைநீர் அதில் விழுந்து தூம்பு வழியே தெருச் சாக்கடைக்குப் போயிற்று. அத்தூம்பே நத்தைக்கு இராசபாட்டை ஆயிற்று. கிணற்றடியில் துவைகல்லின் கீழும், அங்கணத்து மூலையில் அடுக்கிய மண்பானைகளின் கீழும், மழைக்கு ஒதுக்கிய விறகுக் கட்டுகளின் இடையிலும் பகற்பொழுதைக் கழிக்க இடம் கிடைத்தது. ஆட்டுக்கல்லின் குழியில் எஞ்சிய மாவும், கழுவாத சோற்றுப் பானையும், நாய்க்கு வைத்த சோறும் இரவுணவாயின. இக்காலத்து மாடி வீடுகளில் முற்றமும் ஆட்டுக்கல்லும் மறைந்தன. அவற்றிற்கு மாற்றாகக் குளிரூட்டியின் குழாயிலிருந்து சுவரோரம் சொட்டும் நீரும், வரிசையாக வைத்த பூந்தொட்டிகளும், குளியலறை வடிகுழாயும் வந்துள்ளன. நத்தைக்கு இதனால் இழப்பொன்றும் இல்லை. தொட்டிச் செடியை விலைக்கு வாங்கும்போது, அதன் மண்ணுக்குள் முட்டையையும் சேர்த்து வாங்கி வருவோரும் உளர்.

முட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். நத்தைகளுள் நிலத்தில் வாழ்வன பெரும்பாலும் ஆண்மையும் பெண்மையும் ஓருடலிற் கொண்டவை. ஆதலின் முதிர்ந்த ஒவ்வொன்றும் முட்டையிடக் கூடியது. ஈரமண்ணில், செங்கல்லின் அடியில், கண்ணாடி மணிகளைப் போன்ற முட்டைகளைக் கொத்தாக இடும். அங்கணத்திற் கண்ட ஒன்றை உப்பிட்டுக் கொன்றவர், தொட்டியின் அடியிலிருக்கும் கொத்தை அறியார்.

உப்பின் செயலும் ஆராயத்தக்கது. உப்பு நத்தையின் கோழையிற் கரைந்து அடர்ந்த உப்புநீராகிறது. தோலின் உட்புறத்தே உப்புக் குறைவு, வெளிப்புறத்தே மிகுதி. அந்நிலையில் உள்ளிருக்கும் நீர் தோலைக் கடந்து வெளியே பாய்கிறது. நீர்வற்றி நத்தை துடித்து இறக்கிறது. அஃது எளிய சாவன்று. கொல்லத்தான் வேண்டுமெனின், இடுக்கியால் எடுத்துக் கொதிநீரில் இடுவது நொடியில் முடியும் செயல். சிறுவர் இதனைப் பெரியோர் துணையின்றிச் செய்யலாகாது.

உப்பினால் வரும் மற்றொரு கேட்டைப் பலரும் எண்ணுவதில்லை. வாயிற்படியிலும் அங்கணத்தின் ஓரத்திலும் உப்பைக் கோடாகத் தூவி வைத்தால் நத்தை வாராது என்பது சிலர் வழக்கம். உப்பளத்திலிருந்து வரும் கல்லுப்பு மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக் கசியும் என்பதை அடுக்களையில் உப்புச் சாடியைத் திறப்போர் யாவரும் அறிவர். அவ்வுப்பு தரையிலும் சுவரின் அடியிலும் ஊறிவிட்டால், அவ்விடம் எளிதிற் காயாது. சுண்ணாம்புக் காரை பொரிந்து உதிரும். உதிர்ந்த இடத்தில் விரிசல் தோன்றும். நத்தையைத் தடுக்க இட்ட உப்பு, நாளடைவில் ஈரத்தையும் வழியையும் அதற்கே அமைத்துக் கொடுக்கிறது. செடியின் அடியில் உப்பிட்டால் செடியும் பட்டுப்போகும்.

ஏனைய மருந்துகளின் நிலையும் பெரிதும் வேறன்று. சாம்பலும் சுண்ணாம்புத் தூளும் உலர்ந்திருக்கும்வரை நத்தையைத் தடுக்கும், நனைந்தபின் பயனில்லை. நத்தை வருவதோ நனைந்த இரவில்! முட்டையோட்டுத் தூளும் செப்புப் பட்டையும் நத்தையை விலக்கும் என்பது மேலை நாடுகளில் நெடுங்கால நம்பிக்கை. இங்கிலாந்து அரச தோட்டக்கலைக் கழகத்தார் இவற்றையும் இவைபோன்ற வேறு மூன்றையும் கீரைப்பாத்திகளில் இட்டு ஆராய்ந்து 2018-இல் முடிவினை வெளியிட்டனர். அவற்றை இட்ட பாத்திக்கும் இடாத பாத்திக்கும் வேறுபாடு காணப்படவில்லை. மெட்டால்டிஹைடு என்னும் நஞ்சு கலந்த இரை நத்தையைக் கொல்லும் என்பது உண்மையே. ஆனால் அதனை நாய் தின்றாலும் சாகும். பறவைக்கும் அது கேடு. இக்காரணத்தால் பிரிட்டனில் அதன் திறந்தவெளிப் பயன்பாடு 2022 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. தவழும் குழந்தையிருக்கும் வீட்டில் அதற்கு இடமே இல்லை.

இவ்வளவு சொல்லுங்கால், "நீர் பருக வரும் ஏழை உயிர் இருந்துவிட்டுப் போகட்டுமே, அதனால் என்ன தீங்கு?" என்று ஒருவர் கேட்கலாம். அது கடிக்காது, கொட்டாது, குருதி குடிக்காது. தீங்கு வேறொரு வழியில் இருக்கிறது. எலியின் நுரையீரலில் வாழும் நூற்புழு ஒன்று உண்டு. சீனத்தின் கான்டன் நகரத்து எலிகளில் சென் என்னும் அறிஞர் இதனைக் கண்டு 1935-இல் விளக்கினார். மனிதனையும் அது பற்றும் என்பது தைவானில் ஒரு நோயாளியைக் கொண்டு 1945-இல் அறியப்பட்டது. எலியின் கழிவோடு வெளிவரும் இளம்புழுவை நத்தை உண்கிறது. நத்தையின் உடலில் அப்புழு அடுத்த நிலைக்கு வளர்கிறது. அந்நத்தையை எலி தின்றால் புழுவின் வட்டம் நிறைவெய்தும். மனிதன் வேகாத நத்தையையோ, குட்டி நத்தை ஒட்டியிருப்பதறியாமல் கழுவாத கீரையையோ உண்டால், புழு வழிதவறி மூளையை அடைந்து, கடுந்தலைவலியும் கழுத்து விறைப்பும் உண்டாக்கும். பெரும்பாலோர் தேறிவிடுவர், எல்லாரும் அல்லர். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 2010-இல், நண்பர்கள் கூடியிருந்த பொழுதில், விளையாட்டாக ஓர் ஓடில்லா நத்தையை விழுங்கிய இளைஞர் ஒருவர் இந்நோயால் உடல் செயலிழந்து, எட்டாண்டுகள் துன்புற்று, 2018-இல் உயிர் நீத்தார்.

எல்லா நத்தையிடத்தும் இப்புழு இருப்பதில்லை. வெந்த உணவில் அது பிழைப்பதும் இல்லை. அச்சம் கொண்டு கீரையையே விலக்குதல் அறியாமை. கொத்தமல்லித் துவையலுக்கும் பச்சையாக உண்ணும் பிறவற்றிற்கும் உரிய இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓடும் நீரில் இருபுறமும் கழுவினால் போதும். முட்டைக்கோசின் மேலிலைகளைக் களைதல் வேண்டும். நத்தையை வெறுங்கையால் தொடலாகாது. தொட்டால் வழலைக்கட்டியிட்டுக் கழுவ வேண்டும். எலியும் நத்தையும் ஒருங்கே உலவும் அங்கணத்தில் சமைத்த பாத்திரங்களைத் திறந்து வைப்பது நன்றன்று. நத்தை வாராமற் காப்பது வீட்டின் அழகுக்காக மட்டுமன்று என்பது இதனால் பெறப்படும்.

காக்கும் முறையோ எளியது, செலவும் பெரிதன்று, பொறுமை ஒன்றே வேண்டும். முதலில், நத்தை வரும் வழியை அதுவே காட்டும். விடியற்காலையில் வெள்ளிக் கோட்டைப் பின்பற்றிச் சென்றால் அது எந்தத் துளையில் முடிகிறது என்று காணலாம். பெரும்பாலும் அது வடிகாலின் வாய். அதற்குக் கம்பிவலை இடுவர். வளர்ந்த நத்தையை வலை தடுக்கும், குட்டியைத் தடுக்காது. வளைந்த குழாயில் நீர் தேங்கி நிற்கும் நீரடைப்பு அமைப்பது வலையினும் மேல். அதற்கு வசதியில்லாதவர், இரவில் வேலை முடிந்தபின் துணி சுற்றிய மரக்கட்டையால் தூம்பின் வாயை அடைத்து வைக்கலாம். கதவின் அடியில் ரப்பர்ப் பட்டையோ மரச்சட்டமோ பொருத்தி இடைவெளியை மூடலாம். குழாய் நுழையும் துளையைச் சிமிட்டியால் பூசிவிடலாம்.

வழியை அடைத்தபின் கோட்டையும் அழித்துவிட வேண்டும். தன் கோழைத் தடத்தையும், தன்னினத்தின் தடத்தையும் பின்பற்றி வழியறியும் இயல்பு நத்தைகளுக்கு உண்டு. தடம் இருக்கும்வரை அது விருந்தினருக்கு எழுதிவைத்த அழைப்பு. வெந்நீரும் வழலைக்கட்டியும் இட்டுத் தேய்த்தால் அது நீங்கும். உயிர்க்கொலைக்கு அஞ்சுவோர் சிலர் நத்தையை முறத்தில் ஏந்திச் சென்று கொல்லைப்புற வேலியோரம் விட்டு வருவர். அவர்தம் இரக்கம் பாராட்டற்குரியதே. ஆயினும் நத்தை அன்றிரவே திரும்பிவிடும் என்பதை அவர்கள் எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றினும் தலையாயது ஈரத்தை இரவில் இல்லாமற் செய்வது. படுக்கச் செல்லுமுன் அங்கணத்தை வழித்துத் துடைத்து உலரவிடுதல் வேண்டும். சொட்டும் குழாயை அன்றே செப்பனிடுதல் வேண்டும். செடிக்கு மாலையில் நீர் ஊற்றும் வழக்கத்தை மாற்றிக் காலையில் ஊற்றினால், இருட்டுமுன் மண்ணின் மேற்பரப்பு உலர்ந்துவிடும். தொட்டிகளைத் தரையில் நேரே வையாமல் செங்கல்மீது உயர்த்தி வைத்தால் அடியிற் காற்று புகும். சுவரையொட்டிக் கிடக்கும் பலகை, உடைந்த ஓடு, நனைந்த சாக்கு ஆகியவற்றை அகற்றவேண்டும்.

சாக்கு என்றதும் ஒன்று நினைவுகூரத்தக்கது. தோட்டத்தில் நத்தை மிகுந்திருப்பின், அந்தச் சாக்கையே பொறியாகவும் பயன்படுத்தலாம். ஈரச்சாக்கினை மாலையில் தரையில் விரித்து, அதனடியில் பப்பாளியிலையோ முட்டைக்கோசின் கழிவிலையோ இட்டு வைத்தால், விடியுமுன் நத்தைகள் அங்கே வந்து கூடியிருக்கும். கையுறை அணிந்தோ இடுக்கியாலோ திரட்டிவிடலாம். வேளாண்மைத் துறையினர் ஆப்பிரிக்கப் பெருநத்தைக்கு எதிராக உழவர்க்கு அறிவுறுத்தும் முறையும் இதுவே.

அப்பெருநத்தையின் வரலாற்றைக் கூறாமல் விடுவதற்கில்லை. அது ஓடுடையது, கையளவினும் பெரிதாக, 20 சென்டிமீட்டர்வரை வளரக்கூடியது. பென்சன் என்னும் ஆங்கிலேயர் நத்தைகளை ஆராய்வதில் விருப்பம் மிக்கவர். அவர் 1847-இல் மொரீசியசுத் தீவிலிருந்து சில பெருநத்தைகளைக் கொணர்ந்து கல்கத்தாவின் சௌரிங்கிப் பகுதித் தோட்டமொன்றில் விட்டார். அன்று விட்டவற்றின் வழிவந்தவை இன்று இந்தியாவின் பல மாநிலங்களில் பயிரை மேய்கின்றன. ஓட்டுக்குரிய சுண்ணத்திற்காக வீட்டுச் சுவரின் வெள்ளையையும் அரித்துத் தின்கின்றன. அமெரிக்காவிலும் இதுபோன்றே நிகழ்ந்தது. 1966-இல் ஹவாயிலிருந்து மியாமி நகருக்குத் திரும்பிய சிறுவன் ஒருவன் மூன்று பெருநத்தைகளை ஆசையோடு கொண்டுவந்தான். அவன் பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். ஏழாண்டுகளில் அவை 18,000-க்கு மேல் பெருகின. அவற்றை ஒழித்து முடிப்பதற்குப் பத்து இலட்சம் டாலர் செலவாயிற்று. பல்லாண்டு கழிந்து 2011-இல் அதே நகரில் அவ்வினம் மீண்டும் தலைகாட்டிற்று.

மதுரைக் கொல்லைகளில் நத்தைக்குப் பகைவரும் இல்லாமல் இல்லை. மாலையில் அங்கணத்தருகே தத்திவரும் தேரை சிறு நத்தைகளை விழுங்கும். வேலிப்புதரில் தாழ்ந்து திரியும் செம்போத்து, நத்தையை விரும்பி உண்ணும் பறவை. மின்மினியின் புழுப்பருவத்திற்கு நத்தையே முதன்மையான இரை. இரவில் ஒளிரும் அவ்வழகிய பூச்சி, இளமையில் நத்தைக்குக் கூற்றுவன் என்பதை அறிந்தோர் சிலரே. அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டத்தை மேய்த்துச் செல்வோர், நத்தையைக் களைவதற்கென்று கூலி பெறுவதில்லை. வாத்துகளோ அப்பணியைச் செவ்வனே செய்கின்றன. தேரையை அருவருத்து அடித்து விரட்டும் வீட்டில் நத்தை மிகுவதில் குறைகூற இடமில்லை.

மார்கழி கடைநாளில், போகிக்கு முன், மதுரை வட்டாரத்து வீடுகளில் பண்டங்களையெல்லாம் முற்றத்தில் இறக்கிச் சுவருக்கு வெள்ளையடிப்பர். மழை நின்று சில வாரங்களே ஆகியிருக்கும். விறகடுக்கைப் பிரிக்கும்போதும், பானை வரிசையை நகர்த்தும்போதும், பூந்தொட்டியைத் தூக்கும்போதும், அடியில் ஈரமண்ணோடு ஒட்டிய கண்ணாடி மணிக்கொத்துகள் வெளிப்படும். அவற்றைக் கரண்டியால் சுரண்டி முற்றத்து வெயிலில் பரப்பிவிட்டால், தைமாதத்து இளவெயிலே போதும்; நண்பகலுக்குள் அவை வற்றிச் சுருங்கிவிடும். அதற்குமுன் வீட்டுக் கோழி வந்துவிட்டால், அந்த வேலையும் மிச்சம்.